சாந்தில்லாச் சுவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய வீடுகள் பற்றிப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற கட்டட மேஸ்திரி. மகளைப் பார்க்க ஸ்காட்லாந்து போனபோது, ஆர்க்னி தீவுக்கூட்டத்தின் பாப்பா வெஸ்ட்ரே தீவில் ‘நாப் ஆஃப் ஹோவர்’ என்ற பண்ணை வீட்டைப் பார்த்தேன். கி.மு. 3700 வாக்கில் கட்டியது. எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தது.

சாந்தே கிடையாது. பலகைக் கற்களை அடுக்கிய இரட்டைச் சுவர். இடைவெளியில் வீட்டுக் குப்பையைத் திணித்திருக்கிறார்கள். குளிருக்கு அதுதான் போர்வை! சுவர் இன்னும் 1.6 மீட்டர் உயரம் நிற்கிறது. ஒட்டினாற்போல இரண்டு கட்டடங்கள், நடுவே குனிந்து போகும் வழி. சின்னதில் சுவருக்குள்ளேயே அலமாரி. பெரியதில் தானியம் அரைத்த கல் அப்படியே கிடக்கிறது. (என் மனைவி அதைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.)

அடுத்த இணைப்பில் இதன் படம் ஒன்று போடுங்கள்.

– ஒரு வாசகர், நாமக்கல்