தயிர் டப்பாவுக்குப் பின்னால்

நிஷி-காசாய், டோக்கியோ,
புதன் இரவு

அன்புள்ள பொன்னிக்கு,

அப்பா எழுதுவது. நீ ஒசாகா போய் நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் கடிதமா என்று பயப்படாதே. போனில் சொல்ல வாய் வரவில்லை. தபால் ஆபீசில் காலம் தள்ளியவனுக்கு 110 யென் தபால்தலை ஒட்ட ஒரு சாக்கும் ஆச்சு.

நேற்று உறைமோர் தேடி உன் பிரிட்ஜைக் குடைந்தபோது தயிர் டப்பாவுக்குப் பின்னால் நிலா படம் போட்ட நாலு டப்பா அகப்பட்டது. ஜூஸ் என்றாள் அம்மா. போன் கேமராவைக் காட்டினேன். 'யொனா யொனா ஏல்', பீர், 5.5 சதவீதம். பேருக்கு 'இரவுதோறும்' என்று அர்த்தமாம். "ராத்திரிக்கு ராத்திரியா!" என்று அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேர் வைத்தது நாகனோ பக்கத்து ஆட்கள், நம்ம பொண்ணு இல்லை என்று சொல்லித்தான் எழுப்பினேன்.

ஒன்றைத் திறந்துவிட்டேன். திட்டாதே.

முதலில் நம்மூர்ப் பழக்கத்தில் ஜில்லென்று இரண்டு மடக்கு. பல் கூசியது, கசப்பு தொண்டையில் நின்றது, வேறொன்றும் தெரியவில்லை. இதையா இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குள் பால்கனித் துணியை எடுக்கச் சொல்லி அம்மா கூப்பிட்டாள். மடித்து வைத்துவிட்டு அரைமணி கழித்து வந்தால், டம்ளரிலிருந்து வேறு வாசனை வருகிறது. பம்பளிமாஸ் என்றேன். அம்மா குனிந்து மோந்து பார்த்து, "இல்லைங்க, நார்த்தங்காத் தோலை நகத்தால கிள்ளின மாதிரி" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

பிறகுதான் படித்தேன், 13 டிகிரியில் குடிக்கச் சொல்கிறார்கள் காய்ச்சுகிறவர்களே. இங்கே எல்லாரும் சாதாரணமாகக் குடிப்பது லாகர். அது குளிரில் மெதுவாகப் புளிப்பது, ஜில்லென்றுதான் நன்றாக இருக்கும். ஏல் கொஞ்சம் வெதுவெதுப்பில் சீக்கிரம் புளிப்பது. அந்த ஈஸ்ட்டே பழ வாசனையைக் கொஞ்சம் கொடுக்கும். மிச்சம் பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் வேலை, இதில் கேஸ்கேட் என்கிற அமெரிக்க ரகம். ஐஸில் வைத்தால் இரண்டும் வாயை மூடிக்கொள்ளும்.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றியது என் தப்பு. கண்ணாடிக்கு மாற்றியதும் இரண்டாம் டிகாஷன் நிறம். வாயில் வைத்ததும் லேசான தித்திப்பு. கேழ்வரகு முளைகட்டி வறுக்கும்போது அடுப்படியில் வருமே, அந்த வாசனை. முளைவிட்ட பார்லி அல்லவா. அது அடங்கும்போது கசப்பு மெதுவாக ஏறுகிறது. பாகற்காய் மாதிரி முகத்தில் அறையவில்லை. சுண்டைவற்றல் குழம்பு சாப்பிட்டு எழுந்தபின் நாக்கின் அடியில் இருக்குமே, அந்த அளவு. அடுத்த மடக்கை அதுவே கேட்கிறது.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகு முறுக்கு இதற்கு ஆகவில்லை. கசப்பில் காரம் இரண்டு மடங்காகித் தொண்டை எரிந்தது. உன் ஃப்ரீசரில் இருந்த எடமாமேயை, அதான் பச்சை சோயாக்காயை, உப்புப் போட்டு வேகவைத்தேன். பச்சை மொச்சையை உரித்துத் தின்பது போல, ஜோடி அருமை.

1994 வரை இங்கே வருஷத்துக்கு 20 லட்சம் லிட்டர் காய்ச்ச முடிந்தால்தான் பீர் லைசென்ஸாம். அதை 60 ஆயிரம் லிட்டராக இறக்கியதும் ஊர் ஊராகச் சின்ன ஆலைகள் முளைத்தன. ஹோஷினோ யோஷிஹாரு என்று ஒருவர், பரம்பரையாக விடுதி நடத்தும் குடும்பம், அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் ஏல் குடித்து ருசி கண்டவர். அவர் ஆரம்பித்த ஆலையிலிருந்து இது 1997-ல் வந்தது. ஏறக்குறைய உன் வயசு.

அம்மாவும் ஒரு வாய் குடித்தாள். அதை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

இன்று இன்னொன்றும் தீர்ந்தது. மிச்சம் இரண்டு. இப்போது தயிருக்குப் பின்னால் இல்லை, கதவுத் தட்டில், பாலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ரயில் ஏறியதும் ஒரு போன் போடு. நீ வீடு வந்து சேர்வதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா