கடிகாரம் சொன்ன 780 கலோரி

அன்புள்ள தம்பிக்கு,

புதன்கிழமை ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பொங்கோல் நீர்வழி ஓரமாக 8 கிலோமீட்டர் ஓடியிருக்கிறாய். 780 கலோரி எரிந்ததாகக் கைக்கடிகாரம் சொல்கிறது. உன் சாப்பாட்டுச் செயலி அந்த 780-ஐ அப்படியே அன்றைய அளவோடு கூட்டி, இன்னும் இவ்வளவு சாப்பிடலாம் என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. கீழே நீ ஒரே வரி எழுதியிருந்தாய்: "சாப்பிடலாமாப்பா?"

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஓடிட்டு வந்த பிள்ளை சாப்பிடாம என்ன பண்ணும்" என்று ஆரம்பித்துவிடுவாள், அப்புறம் நான் சொல்வது உன் காதில் விழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் சாப்பிடலாம், முழுவதும் வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் செயலியில் ஒரு இடத்தைத் திருத்தியாக வேண்டும். அதைத் திருத்தாதவரை நீ பாதி சாப்பிட்டாலும் கணக்கு வராது.

படத்தின் மேல் மூலையில் உன் தினசரி அளவு 2,240 என்று இருந்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். இந்தச் செயலிகளில் பல, 1990-இல் வந்த மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் வைத்திருக்கின்றன. எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டு. வயதை ஐந்தால் பெருக்கிக் கழி. ஆணாக இருந்தால் 5 சேர். உனக்கு 86 கிலோ, 172 சென்டிமீட்டர், 34 வயது. 860, 1,075, கழித்தல் 170, கூட்டல் 5. மொத்தம் 1,770. நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்தாலே உன் உடம்புக்கு இவ்வளவு வேண்டும். இதற்கு மேல் நீ எவ்வளவு ஓடியாடுகிறவன் என்பதைப் பொறுத்து ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள். உட்கார்ந்தே வேலை செய்கிறவனுக்கு 1.2, வாரத்தில் சில நாள் உடற்பயிற்சி செய்கிறவனுக்கு 1.55. இந்த 1.55-ஐப் போட்டால் 2,743 வருகிறது. எடை குறைய 500 கழித்தால் 2,243. உன் 2,240 அதுதான்.

அதாவது, பதிவு செய்யும்போதே நீ வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறவன் என்று செயலியிடம் சொல்லிவிட்டாய். அது உன் ஓட்டத்தை ஏழு நாளுக்கும் பிரித்து 2,240-க்குள் சேர்த்துவிட்டது. இப்போது கடிகாரம் வந்து அதே ஓட்டத்துக்கு இன்னொரு தரம் 780 கொடுக்கிறது. காலமெல்லாம் கப்பல் சரக்குக் கணக்கு எழுதியவன் நான். ஒரே ரசீதை இரண்டு தரம் வரவு வைத்தால் மாதக் கடைசியில் பெட்டியில் என்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சில செயலிகள் கடிகாரத்தோடு பேசி, ஏற்கெனவே சேர்த்ததைக் கழித்துக்கொள்ளும். உன்னுடையது அப்படிச் செய்யவில்லை.

ஒரு வாரத்துக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடாத நான்கு நாளும் 2,240 சாப்பிடுகிறாய். ஓடும் மூன்று நாளும் அதோடு 780 சேர்த்து 3,020. மொத்தம் சுமார் 18,000. செலவு என்ன? உன் ஆபீஸ் வேலைக்கு 1.2 வீதம் நாளுக்கு 2,124, ஏழு நாளுக்கு 14,868. மூன்று ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரு 1,860. ஆக 16,728. வாரத்துக்கு 1,300 மிச்சம். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், நீ வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டே ஆறு வாரத்தில் ஒரு கிலோ ஏறுவாய். "ஓடுறேன், சரியாத்தான் சாப்பிடறேன், முள் நகரவே மாட்டேங்குது" என்று நீ போன மாதம் புலம்பியதற்கு இதுதான் காரணம். தைராய்டாக இருக்குமோ என்று இப்போதே பயப்படாதே. ரத்தப் பரிசோதனைக்குக் காசைக் கொட்டுவதற்கு முன்னால் இதைத் திருத்திப் பார்.

ஓர் ஓட்டத்துக்கு 780 என்று கடிகாரம் சொல்ல, நான் ஏன் 620 போட்டேன் என்று கேட்பாய். சமதரையில் ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். உன் 86-ஐ 8-ஆல் பெருக்கினால் 688. அதிலும், அந்த ஒரு மணி நேரம் நீ வீட்டில் சோபாவில் கிடந்திருந்தாலும் 70 கலோரி போயிருக்கும். அது ஏற்கெனவே அந்த 1,770-க்குள் இருக்கிறது. கழித்தால் 620 பக்கம் வரும். கடிகாரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாடித் துடிப்பை அது ஓரளவு நன்றாகவே எண்ணும். கலோரி என்று வந்தால்தான் குத்துமதிப்பு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஏழு கைப்பட்டைகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்லதுகூடச் சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மோசமானது 93 விழுக்காடு. அதற்குப் பிறகு எத்தனையோ புது மாடல்கள் வந்துவிட்டன என்றாலும், மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்துக்கு உன் தசை எவ்வளவு, நீ எவ்வளவு பழகிய ஓட்டக்காரன் என்பதெல்லாம் இன்னமும் ஊகம்தான்.

சரி, என்ன செய்யலாம்? செயலியில் "அதிகம் அசையாதவர்" என்பதைத் தேர்ந்தெடு. மானம் போகிற விஷயம் இல்லை. காலை எட்டரைக்கு எம்ஆர்டி ரயிலில் ஏறி, சாயங்காலம் வரை திரையைப் பார்க்கிறவனுக்கு அதுதான் பொருத்தம். உன் அளவு 1,620-க்கு இறங்கும். ஓடிய நாளில் மட்டும் கடிகாரம் சொல்வதில் பாதியைச் சேர்த்துக்கொள். 780 என்றால் 390, அன்றைக்கு 2,010. இப்படிச் சாப்பிட்டால் வாரத்துக்கு 4,200 பக்கம் குறையும், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

"பாதி எதற்கு, ஒன்றுமே சேர்க்காமல் இருந்தால் இன்னும் வேகமாகக் குறையுமே" என்று உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியாதா? படைப் பயிற்சிக்கு ரிசர்விஸ்ட் அழைப்புக் கடிதம் வந்தால், ஐபிபிடி என்கிற உடற்தகுதித் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் சோற்றையே ஒதுக்கிவைக்கிற ஆள் நீ. 1,620 சாப்பிட்டு அதில் 620-ஐ ஓடித் தீர்த்தால் மூளை, இதயம், ஈரல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 1,000. ஒரு நாள் தாங்கும். வாரத்துக்கு மூன்று நாள், மாதக்கணக்கில் என்றால் கொழுப்போடு தசையும் கரையும். தூக்கம் கெடும். அந்தத் தேர்வில் ஓடும் 2.4 கிலோமீட்டருக்கு நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். அதற்கெல்லாம் முன்னால், ராத்திரி பதினொரு மணிக்குக் கீழே காப்பிக்கடைக்குப் போய் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வருவாய். அதைச் செயலியிலும் பதிய மாட்டாய். பட்டினி கிடந்து குறைத்தவர்கள் பெரும்பாலும் விழுவது அந்தப் பதினொரு மணியில்தான்.

அந்த 390 கலோரியை எதில் சாப்பிடுகிறாய் என்பதும் முக்கியம். ஒரு வெறும் பிராட்டா சுமார் 200. இரண்டு பிராட்டாவும் ஒரு தே தாரிக்கும் என்றால் கதை முடிந்தது, அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். அதே அளவுக்கு இரண்டு அவித்த முட்டை, ஒரு துண்டு மீன், கொஞ்சம் சோறு சாப்பிட்டுப் பார். எடை குறைக்கும்போது தசையைக் காப்பாற்றப் புரதம் வேண்டும். உடற்பயிற்சி செய்கிறவனுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை என்று சொல்கிறார்கள். உனக்கு நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் வருகிறது. தௌ குவா (கெட்டியான சோயாக் கட்டி), பருப்பு, மீன், கோழி என்று தேடித்தான் சாப்பிட வேண்டியிருக்கும். பானத்தில் மட்டும் கலோரியைத் திரும்ப வாங்காதே. 2023 இறுதியிலிருந்து கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கும், சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போடும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்துவிட்டது. பட்டியலில் டி என்று போட்டிருப்பதைப் பார்த்தும் அதையே வாங்கினால் நான் என்ன சொல்ல. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் முதல் வாரம் கஷாயம் மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

நடைக்கு எதையும் சேர்க்காதே. நான் தினமும் காலையில் பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று வருகிறேன், 4.3 கிலோமீட்டர். என் 70 கிலோவுக்கு, உட்கார்ந்திருந்தாலும் போகக்கூடியதைக் கழித்துப் பார்த்தால் 150 கலோரி தேறும். முடித்துவிட்டு எதிர் உணவங்காடியில் உட்காருகிற என் கூட்டாளிகள் அதைப் பத்து நிமிடத்தில் திரும்ப வாங்கிவிடுகிறார்கள், வட்டியோடு. நடை நல்லது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது. சாப்பிட அனுமதிச் சீட்டாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளாதே. தான்சானியாவில் ஹட்சா என்று இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நாள் முழுக்க நடக்கிறவர்கள். உடல் அளவைச் சரிசெய்து பார்த்தால், அமெரிக்காவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைவிட அவர்கள் ஒரு நாளில் அதிகம் செலவழிப்பதில்லை என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. நாம் அதிகம் அலைந்தால் உடம்பு வேறு எங்கேயோ சிக்கனம் பிடிக்கிறது என்று சொல்கிறார்கள். உன்னையே எடுத்துக்கொள், ஓடிய நாளில் மாடிப்படியை விட்டு லிஃப்டைத்தானே தேடுகிறாய்?

ஓடி முடித்ததும் தராசில் ஏறி 1.2 கிலோ குறைந்தது என்று எழுதியிருந்தாய். அது வேர்வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு போவதில் ஆச்சரியம் இல்லை, தண்ணீர் குடித்தால் திரும்ப வந்துவிடும். அதேபோல் மறுநாள் உப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை. காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய் வந்து, வெறும் வயிற்றில் எடை பார். ஏழு நாள் சராசரியை எழுதிவை. நான்கு வாரம் சராசரியைப் பார்த்துவிட்டு முடிவு செய். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்தால் பாதி என்பதை முக்கால் ஆக்கு. முள் அசையவே இல்லை என்றால் கால் ஆக்கு. கடிகாரம் தப்பாக எண்ணுகிறதா, நீ எண்ணெயைக் கணக்கில் விடுகிறாயா என்று ஆராய வேண்டியதே இல்லை, இரண்டும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடும். குழம்பில் மிதக்கும் எண்ணெயை யார்தான் சரியாகப் பதிகிறார்கள்?

உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் உன் பிஎம்ஐ இப்போது 29. சிங்கப்பூரில் 27.5-ஐத் தொட்டாலே சர்க்கரை, இதய நோய் அபாயம் அதிகம் என்கிறார்கள். உன் உயரத்துக்கு அது 81 கிலோ. முதலில் அதற்குக் கீழே வா. சொன்னபடி போனால் இரண்டரை மாதம். எனக்கும் உன் தாத்தாவுக்கும் சர்க்கரை வந்த வயது உனக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லவில்லை. ஒன்று மட்டும். நான் செய்கிற மாதிரியே நீ செய்யாதே, என் கணக்கு வேறு. சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடந்தால் தலை சுற்றி விழ வேண்டியதுதான். அதனால் நான் பலதுறை மருந்தகத்தில் சொன்னபடி முதலில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் செயலியில் அந்த இடத்தை மாற்றிவிட்டுப் படம் எடுத்து அனுப்பு. மருமகளிடமும் காட்டு, அவள் உன்னைவிட ஒழுங்காகப் பதிவாள். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வஞ்சிர மீன் குழம்பு வைக்கிறாளாம். எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றினாள் என்று நீயே அவளிடம் கேட்டுக்கொள், என்னை இழுக்காதே.

அன்புடன்,
அப்பா