டேஷ்போர்டு எண்களுக்கு மூலம் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நிறுவனங்களின் தரவுப் பயன்பாடு குறித்த கட்டுரைகள் பெரும்பாலும் எண்களை வரைபடங்களாகத் தொகுத்துக் காட்டும், கண்ணைக் கவரும் டேஷ்போர்டுகளோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் காணும் எண் எந்த அட்டவணையிலிருந்து, எந்தக் கணக்கீட்டின் வழியே வந்தது என்பதைப் பதிந்து வைக்கும் டேட்டா கேட்டலாக் பற்றிப் பேசுவோர் குறைவு. மாத விற்பனைத் தொகை வரிக்கு முந்தையதா, பிந்தையதா என்று நிதிப் பிரிவும் விற்பனைப் பிரிவும் மோதிக்கொள்ளும்போதுதான் அதன் தேவை உறைக்கிறது.

லிங்க்ட்இன் நிறுவனம் 2020-இல் திறமூலமாக வெளியிட்ட டேட்டாஹப் போன்ற கேட்டலாக் தளங்களை, டேஷ்போர்டுகளை உருவாக்கும் மென்பொருள்களான பவர் பிஐ, டேப்லோ ஆகியவற்றுடன் இணைக்க இயலும். ஆனால், பவர் பிஐயில் விரிவான மெட்டாடேட்டாவை (தரவைப் பற்றிய விவரங்களை) வெளியே தரும் அமைப்பை நிர்வாகி தனியே இயக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்த சர்வரில் இயங்கும் டேப்லோவிலும் மெட்டாடேட்டா சேவையை முதலில் இயக்கியாக வேண்டும். இதைச் செய்யாமல் இணைத்துவிட்டு, அறிக்கைகளின் மூலவழி (எண்கள் வந்த தடம்) முழுமையாக வரவில்லையே என்று கேட்டலாக்கைக் குறை சொல்வது (நம் ஐ.டி. துறையில் இது சாதாரணம்) முறையன்று.

இணைப்புக்கெனத் தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி, தேவைக்கு மேற்பட்ட உரிமை எதையும் அதற்குத் தராதிருப்பதும் அவசியம். ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தினால், அவர் பணி விலகிக் கணக்கு மூடப்படும்போது இணைப்பும் அறுந்துவிடும். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இவற்றையும் விளக்கி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தரவுத் துறையில் பணிபுரியும் வாசகர்