தீப்பெட்டி போல விலைபோக வேண்டிய கவிதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலையால் வாழ்க்கையை மாற்றலாம் என்று பாரதியார் நம்பியது கவிஞர்களுக்கே உரிய ஒரு மயக்கம் என்றும், 39 வயது நிறைவதற்குள் அவர் வறுமையில் மறைந்ததே அதற்குச் சான்று என்றும் தங்கள் சென்ற இதழின் கட்டுரை ஒன்று கூறியிருந்தது. அவருடைய வறுமையை யாரும் மறுக்க முடியாது. அந்த நம்பிக்கையை மயக்கம் என்றதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1920இல் கடையத்தில் இருந்தபோது பாரதியார் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விலைபோவது போலத் தமிழ்நாடெங்கும் அவற்றை விலைபோகச் செய்ய வேண்டும் என்பது அவர் திட்டம்; அதற்காக வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடன் கேட்டிருந்தார். கேட்ட பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரும் போய்விட்டார். திட்டம் தோற்றது என்று சொல்வது எளிது. ஆனால் தம் கவிதைக்கு ஒப்பாக அவர் தேர்ந்தெடுத்த பொருள்களைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டுமே விளக்கேற்ற எந்த ஏழை வீட்டிலும் வாங்கியே தீர வேண்டியவை. அந்த வரிசையில் கவிதையை வைக்க ஒருவருக்கு மனம் வந்ததென்றால், கவிதை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் அவருக்கு எவ்வளவு தெளிவு இருந்திருக்க வேண்டும்!

அதற்கேற்ற மொழியையும் அவர் தேடித்தான் கண்டுபிடித்தார். 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், ஓரிரண்டு ஆண்டு படித்தவர்களுக்கும் பொருள் விளங்க வேண்டும், ஆனால் காவிய நயம் குறையக் கூடாது என்று தமக்கே ஒரு கட்டளை விதித்துக்கொள்கிறார். குயில் பாட்டில் அந்தக் குயில் நெஞ்சைப் பறிகொடுத்த இசைகளின் பட்டியலில் ஏற்றம் இறைப்பவர் பாட்டும், நெல் இடிக்கும் பெண்களின் ஒலியும், சுண்ணாம்பு இடிப்பவர்களின் பண்ணும் வருகின்றன. வேலை செய்பவர்களின் வாயில் பாட்டு எப்படி உயிரோடு இருக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

அவர் காலத்திலேயே பலன் தெரியாமலும் இல்லை. 1907இல் காங்கிரசுக்குள் பாரதியார் தீவிரப் போக்குடைய திலகர் பக்கம், வி. கிருஷ்ணசாமி ஐயரோ மிதவாதிகளின் தலைவர்களில் ஒருவர். அப்படியிருந்தும் பாரதியாரின் பாடல்களைக் கேட்டு நெகிழ்ந்த ஐயர், அவற்றில் மூன்றைத் தம் சொந்தச் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். கவிஞர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1928இல், பர்மா அரசு அவர் பாடல்களைத் தடை செய்தது. அதைத் தொடர்ந்து சென்னையிலும் போலீசார் நூல்களைக் கைப்பற்ற, சட்டசபையில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி கண்டனக் குரல் எழுப்பினார். ஒன்றும் செய்யாத சொற்களைத் தேடி எந்த அரசாங்கமும் போலீசை அனுப்பாது.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல அனுமதிக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். வயல் வேலைக்கு வருபவர்களுக்கு என் ஆச்சி பின்வாசலில் நின்று சிரட்டையில்தான் மோர் ஊற்றுவார்; குடித்தவர்களே அதைக் கழுவிக் கூரை இறவாணத்தில் செருகிவிட்டுப் போக வேண்டும். இரண்டாம் வகுப்பில் டீச்சர் பாரதியாரின் பாப்பாப் பாட்டு முழுவதையும், 'குலத் தாழ்ச்சி உயர்ச்சி சொல்லல் பாவம்' என்ற அடியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்த வாரத்தில், "சிரட்டையில கொடுத்தா பாவமா ஆச்சி?" என்று நான் கேட்டேன். ஆச்சி பதில் சொல்லாமல் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். மறு வருஷத்து அறுப்பின்போது சிரட்டை இருந்த இடத்தில் ஒரு பித்தளைத் தம்ளர் இருந்தது. அதுவும் தனித் தம்ளர்தான், பின்வாசலிலேயே கவிழ்த்து வைத்திருந்தார்கள். வீட்டுத் தம்ளர்களோடு சேர்த்து அது கழுவப்படுவதற்கு என் அம்மாவின் கைக்கு வீடு வர வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பாட்டே செய்தது என்று நான் சொல்லவில்லை. சட்டம் இருந்தது, கூலி கேட்டு நிமிர்ந்து நின்றவர்கள் இருந்தார்கள். ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் வாயில் அந்தக் கேள்வியை வைத்தது அந்தப் பாட்டுத்தான். 'பாப்பா' என்று அவர் 'அடி' போட்டுக் கூப்பிட்டது என்னைத்தான் என்று அன்று நான் உறுதியாக நம்பினேன்.

அண்மையில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். குழந்தைகள் அதே பாட்டை இனிமையாகப் பாடினார்கள். குருவி வந்தது, காக்கை வந்தது, வண்டி இழுக்கும் குதிரை வந்தது. 16 பாடல்களில் 15ஆவதாக வரும் 'சாதிகள் இல்லையடி பாப்பா' மட்டும் வரவில்லை. அதைத் தாண்டி, கடைசிப் பாடலைப் பாடி முடித்துவிட்டார்கள். விசாரித்தபோது, பெற்றோர் சிலர் வருத்தப்படக்கூடும் என்பதால் விட்டுவிட்டோம் என்று தணிந்த குரலில் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு கனத்தது. எழுதி நூறாண்டு கடந்தும் ஒரு மண்டபம் நிறைந்த பெரியவர்களை அந்த அடி சங்கடப்படுத்துகிறது. தங்கள் கட்டுரையாளர் அந்த மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

டிசம்பர் 11 பாரதியாரின் பிறந்த நாள். அந்த நாளை ஒட்டி வரும் தங்கள் இதழில் பாப்பாப் பாட்டை ஓர் அடியும் குறையாமல், குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் முழுக்க அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி