இலையுதிர்கால மலைச்சாலை: எங்கே நிறுத்தலாம் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலையுதிர்காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களின் சுற்றுலாப் பக்கங்களில் மலைச்சாலைப் பயணங்களைப் பற்றிய கட்டுரைகள் வரிசைகட்டி வருகின்றன. நிறம் மாறிய காடுகளின் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. எந்த வாரத்தில் எந்த மலை சிவக்கும் என்ற விவரமும் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அவற்றை வாசித்துவிட்டு வயதான தாயையோ தந்தையையோ காரில் அமர்த்திக்கொண்டு புறப்படுகிறவர்களுக்கு, வழியில் எங்கே இறங்கலாம், இறங்கினால் எத்தனை படி ஏற வேண்டும், கழிப்பறை எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பவை பற்றி ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. முதுமையும் மூட்டுவலியும் கொண்ட என் தாயாரை அண்மையில் அத்தகைய பயணம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் இலைகளில் பச்சையம் சிதைகிறது. அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் மஞ்சளாக வெளிப்படுகின்றன. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனினை, பெரும்பாலான மரங்கள் அந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாக்குகின்றன. உயரம் கூடக் கூட, 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் என்ற அளவில் காற்று குளிர்வதால், நிறமாற்றம் மலை உச்சியில் தொடங்கி நாளுக்கு நாள் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கி வருகிறது. கட்டுரைகள் எல்லாரையும் ஒரே வாரத்தில் உச்சிக்கு விரட்டுகின்றன. முதியவரை அழைத்துச் செல்கிறவருக்கு அந்த அவசரமே வேண்டியதில்லை. சற்றுத் தாமதமாகக் கிளம்பினால், அதே நிறத்தைக் கதகதப்பான தாழ்ந்த சரிவுகளிலேயே, குறைவான வளைவுகளோடும் குறைவான நெரிசலோடும் பார்த்துவிடலாம். 2,500 மீட்டருக்கு மேல் செல்வதாக இருந்தால் மட்டும், இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்று. வழியில் கழிப்பறை கிடைக்காதோ என்ற அச்சத்தில், பயண நாளன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் முதியவர்கள் மிகப் பலர். என் தாயாரும் அப்படித்தான். "தாகமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த நிறுத்தம் எங்கே, எவ்வளவு நேரத்தில் வரும் என்று துல்லியமாகச் சொன்ன பிறகுதான் பாட்டிலைக் கையில் வாங்கினார். வற்புறுத்தி ஆகாத காரியம் ஒரு சிறு தகவலால் ஆயிற்று. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அன்று ஒருநாள் அதை எந்நேரத்தில் எடுத்துக்கொள்வது என்று மருத்துவரைக் கேட்டுத் திட்டமிடலாம். தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் சிரைகளில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவுகள் கூறுகின்றன. ஆகவே, காட்சி இருக்கிறதோ இல்லையோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இறங்கிச் சிறிது நடக்க வேண்டும்.

நிறுத்துவதற்கென்றே அமைக்கப்பட்ட சாலைகளும் உலகில் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா மாநிலங்களின் வழியே 755 கிலோமீட்டர் நீளும் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1935-ல் பணி தொடங்கி 1987-ல்தான் முழுமையடைந்த அச்சாலையில் சரக்கு வாகனங்களுக்கு அனுமதியில்லை. வேக வரம்பு பெரும்பாலான இடங்களில் மணிக்கு 72 கிலோமீட்டர்தான். வழிநெடுக, சாலையோரத்திலேயே காரை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் காட்சிமுனைகள் வருகின்றன. சுமார் 200 மீட்டர் உயரத்திலிருந்து 1,845 மீட்டர் வரை அது ஏறி இறங்குவதால், ஒரு சரிவில் நிறம் உதிர்ந்துவிட்டாலும் இன்னொரு சரிவில் காத்திருக்கும். நடக்க இயலாதவரும் இருக்கையில் இருந்தபடியே மலையைப் பார்க்க முடிகிற சாலை அது. எனினும் அச்சாலையில் பெட்ரோல் நிலையம் எதுவும் இல்லை, பக்கத்து ஊர்களுக்குள் சென்றுதான் நிரப்ப வேண்டும் என்பதையும், 2024 செப்டம்பரில் வீசிய ஹெலீன் புயலில் அதன் நெடும் பகுதிகள் சேதமடைந்து மூடப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கட்டுரை முழுமையாகும். எந்த மலைச்சாலையானாலும், புறப்படும் முன் அது திறந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

எங்கள் நிறுத்தம் ஒன்றில் என் தாயார் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலடியில் கிடந்த மேப்பிள் இலை ஒன்றை எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடர்சிவப்பான அந்த இலையின் நடுவில், இன்னொரு இலையின் வடிவம் அச்சு அசலாக மஞ்சளில் பதிந்திருந்தது. மரத்தில் இருந்தபோது மேலே கவிந்திருந்த இலை வெயிலை மறைத்த இடத்தில் மட்டும் சிவப்பு ஊறவில்லை. ஆந்தோசயனின் உருவாக ஒளி வேண்டும் என்பதே காரணம். காட்சிமுனையின் விளிம்புவரை சென்று படமெடுத்துத் திரும்பிய எவரும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்குப் போதிய நேரம் இருந்ததால் கண்ணில் பட்டது.

ஓட்டுகிறவரின் பொறுப்பும் சிறிதன்று. முதியவரை முன்னிருக்கையில் அமர்த்தி, தொலைவைப் பார்க்கச் சொன்னால் குமட்டல் பெரிதும் குறையும். இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பாமல் கியரைக் குறைத்து இறங்கினால் பிரேக் சூடேறாது. உள்ளே இருப்பவரின் உடலும் முன்னும் பின்னும் குலுங்காது. நனைந்த சருகுகள் சாலையை வழுக்கலாக்கி, ஓரத்துப் பள்ளத்தையும் மறைத்துவிடுகின்றன. முதுமையில் கண்கள் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் பழக அதிக நேரம் எடுத்துக்கொள்வதால், பெற்றோரே ஓட்ட விரும்பினாலும் மரநிழலும் சாய்வெயிலும் மாறி மாறி வரும் மாலைப் பொழுதில் அவர்களிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பது சரியாக இராது. பள்ளத்தாக்குகளில் சூரியன் மலைக்குப் பின்னே முன்னதாகவே மறைந்துவிடுகிறது என்பதால், அன்றைய கடைசி நிறுத்தத்தைப் பிற்பகலிலேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

இனி வெளியாகும் இத்தகைய கட்டுரை ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாலையின் அதிகபட்ச உயரம், கடைசிப் பெட்ரோல் நிலையம், கழிப்பறை உள்ள நிறுத்தங்கள், படியேறாமல் பார்க்கக்கூடிய காட்சிமுனைகள், கைப்பேசித் தொடர்பு அற்றுப்போகும் பகுதிகள் ஆகியவற்றை ஒரு சிறு கட்டத்துக்குள் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லையெனில், சிவந்த மரங்களின் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாலும் வாசகர்கள் வருந்தமாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி