‘அப்ரூவ்டு’ வரைக்கும் படித்தவன் எழுதும் மடல்

பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. பொருளியல் மாணவர்களுக்கு பார்ட் டூ ஆங்கிலப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் பள்ளிக்கூடமும் தமிழ்வழி, பி.காமும் தமிழ்வழி. படித்து முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்குக் கணக்கெழுதப் போனேன். ஆறு மாதத்தில் ஆள் பற்றாக்குறை என்று மெர்ச்சண்டைசருக்கு, அதாவது துணி வாங்குகிற பையர்களோடு பேசி ஆர்டரை நடத்துகிறவருக்கு, உதவியாக மாற்றிவிட்டார்கள். காலையில் வந்து உட்கார்ந்தால் வெளிநாட்டு பையர்களின் மெயில்களைப் படித்து, எந்த ஸ்டைல் எந்த நிலையில் இருக்கிறது என்று வெட்டித் தைக்கிற ஃப்ளோருக்குச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை.

ஒருநாள் வந்த மெயிலில் முதல் வரியிலேயே ‘அப்ரூவ்டு’ என்று இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டிங் மாஸ்டரிடம் போய் “ஓகே ஆயிடுச்சுண்ணே, வெட்டலாம்” என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘சப்ஜெக்ட் டு’ என்று ஏதோ தொடர்ந்தது. சப்ஜெக்ட் என்றால் பாடம், மெயிலில் தலைப்புப் போடுகிற இடத்துக்கும் அதே பெயர், இரண்டும் எனக்குத் தெரியும். சாயம் நிற்கிறதா என்ற லேப் டெஸ்ட் அறிக்கை சரியாக வந்தால்தான் இந்த ஒப்புதல் செல்லும் என்பது அந்த வரியின் பொருள். துணியை வெட்டி முடித்த பிறகு அறிக்கை வந்தது. சாயம் நிற்கவில்லை. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அன்றைக்கு அந்தத் துணிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றது இன்னும் மறக்கவில்லை.

அந்த மெயிலில் கடினமான சொல் என்று ஒன்றுகூட இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வணிக ஆங்கிலம் என்றாலே நீங்கள் கலைச்சொல் பட்டியல் தருகிறீர்கள். டெப்ரிசியேஷன், எலாஸ்டிசிட்டி, குட்வில், எதிரே தமிழ்ப் பொருள். எங்களுக்கு அதில் கஷ்டமே கிடையாது. தேய்மானம் என்றால் என்ன என்று தறி ஓட்டுகிற வீட்டுப் பையனுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘வாராக்கடன்’ என்ற தமிழ்ச்சொல்லே பாதி பாடத்தைச் சொல்லிவிடுகிறது, அதை ‘பேட் டெட்ஸ்’ என்று மாற்றிக்கொள்ள ஒரு நாள் போதும். எங்களைக் கவிழ்ப்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இடம்பெறாத சின்னச் சொற்கள்தான்: டு, பை, அன்லெஸ், சப்ஜெக்ட் டு, நெட் ஆஃப் (கழித்தது போக).

டு, பை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் பற்றுப் பக்கம் ‘டு’ போடு, வரவுப் பக்கம் ‘பை’ போடு என்று எங்கள் ஆசிரியர் சொன்னார், மூன்று வருடம் போட்டோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. (கணக்கில் பாதி விஷயம் இப்படித்தான் ஓடுகிறது.) அதே இரண்டு சொற்கள் ஒரு விலைப் பேச்சில் வந்தால் கதையே வேறு. மூன்று டாலர் சட்டைக்கு விலையை ‘டு’ இரண்டு டாலர் குறை என்றால் ஒரு டாலர் போகிறது. ‘பை’ இரண்டு டாலர் என்றால் மிஞ்சுவதே ஒரு டாலர்தான். தமிழில் ‘இரண்டு டாலராக’, ‘இரண்டு டாலர்’ என்று ஒரு ‘ஆக’வில் வேறுபாட்டைக் காட்டிவிடுகிறோம். அந்த ‘ஆக’தான் இந்த ‘டு’ என்று எனக்கு யாராவது கல்லூரியில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

பொருளியல் மாணவர்கள் நிலையும் இதேதான். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கிற கடனுக்கான வட்டியை) 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. ஆங்கில நாளிதழ்களில் ‘பை 25 பேசிஸ் பாயின்ட்ஸ்’ என்று வந்தது. என்னிடம் வேலை பழக வந்த பிள்ளை ஒன்று, பொருளியல் பட்டதாரி, வட்டி 25 சதவீதமாகிவிட்டதா என்று கேட்டது. நான் சிரிக்கவில்லை, சிரிக்கிற தகுதி எனக்கு இல்லை. நூறு பேசிஸ் பாயின்ட் சேர்ந்தால் ஒரு சதவீதப் புள்ளி, குறைந்தது கால் புள்ளி, ஆனால் பழைய விகிதத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 3.85 சதவீதக் குறைவு என்று தாளில் போட்டுக் காட்டினேன். அப்படியே பணவீக்கம் ‘ஈஸ்டு’ (தணிந்தது) என்று தலைப்பு வந்தால் விலைவாசி இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை, ஏறுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது என்பதையும் சொன்னேன். பணவீக்கத்துக்கு இலக்கணம் அந்தப் பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரு செய்தியைப் படித்து அதை அதில் பொருத்தத்தான் யாரும் பழக்கவில்லை.

சட்டத்துக்கு வந்தால் இன்னும் மோசம். ஜிஎஸ்டி சட்டம் 16ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை ஒருமுறை வகுப்பில் வைத்துப் படித்துப் பாருங்கள். இந்தப் பிரிவில் வேறு என்ன சொல்லியிருந்தாலும் பதிவு பெற்ற எவருக்கும் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது என்று முதலில் ஒரே போடாகப் போட்டுவிட்டு, அப்புறம் ‘அன்லெஸ்’ என்று ஆரம்பித்து நிபந்தனைகளை அடுக்குகிறது: பில் கையில் இருக்க வேண்டும், சரக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும், அந்த வரி அரசுக்குப் போயிருக்க வேண்டும், இன்னும் சில. தமிழில் யோசிக்கிறவனுக்கு நிபந்தனை முன்னால் வரும், தீர்ப்பு கடைசியில் வரும், வினைமுற்று வரும்வரை காத்திருப்பது நம் பழக்கம். ஆங்கிலச் சட்டம் தீர்ப்பை முதலில் சொல்லிவிடுவதால் நம் பிள்ளைகள் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நான் ‘அப்ரூவ்டு’ என்ற இடத்தில் நின்றதும் அதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது. ‘அன்லெஸ்’ என்றால் ‘ஒழிய’ என்று சொல்லிக்கொடுங்கள், வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள், புரியாத பிள்ளை இருக்காது. அதே உட்பிரிவில், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. இதைச் சரியாகப் படிக்கத் தெரிந்த பையனை எந்த ஆடிட்டரும் விடமாட்டார்.

ஆனால் இதையெல்லாம் தமிழில் விளக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் எழுந்து நிற்க வேண்டும். அதனால் யாரும் சந்தேகமே கேட்கவில்லை, வகுப்பு அமைதியாக நடந்தது, அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

கவிதையைத் தூக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கு நினைவிருக்கிற ஆங்கிலமே இரண்டு கவிதைகளிலிருந்துதான். தூக்க வேண்டியது அந்த விடுப்புக் கடிதத்தை. ஆறாம் வகுப்பில் ‘சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று எழுத ஆரம்பித்தவர்கள் பட்டம் வாங்குகிற வரை அதே காய்ச்சலோடு இருக்கிறோம். அந்த நேரத்தில், பணம் தராத பார்ட்டிக்கு உறவு முறியாமல் மூன்றாவது நினைவூட்டல் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கலாமே.

இதைக் கேட்டால் ஆங்கிலத் துறை, அது வணிகவியல் ஆசிரியரின் வேலை என்கிறது. வணிகவியல் துறை, அது ஆங்கிலம் என்கிறது. இருவரும் ஒரே கேன்டீனில்தான் டீ குடிக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரே வகுப்பில் இருவரும் நிற்கட்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், நாளைக்கு யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்திலேயே இருக்கிறதே, எதற்கு இந்தக் கவலை என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். நல்ல சட்டம்தான். ஆனால் சி.ஏ. எழுத ஆசைப்படுகிற பிள்ளைக்கு அது உதவாது, அந்தத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். திருப்பூர், கரூர் கம்பெனிகளில் வேலைக்கு வருகிறவர்களுக்கும் அது உதவாது.

தேர்வு முறையையும் மாற்றுங்கள். ஒரு மெயிலைக் கொடுத்து, கீழே ஒரே கேள்வி கேளுங்கள்: இதைப் படித்துவிட்டு மாஸ்டரிடம் என்ன சொல்வாய், வெட்டலாம் என்றா, பொறுங்கள் என்றா? பதிலைத் தமிழில் எழுதினாலும் மதிப்பெண் கொடுங்கள், நீங்கள் சோதிப்பது அவன் படித்துப் புரிந்துகொண்டானா என்பதைத்தானே.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களில் தொழில்துறையிலிருந்து ஒருவரும் பழைய மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி இருக்கிறது. அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு சாப்பாட்டுக்குப் போகிறவர்களாக இல்லாமல், அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்குப் பத்து மெயில்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் நான் தருகிறேன். பெயர், விலை எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன், அந்தச் சாயம் போன ஆர்டரின் மெயிலும் அதில் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய தமிழ்வழி பி.காம். ஒருவன்,
திருப்பூர்.