வரிசையில் கடைசி ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான்.

நீ விட்டுப்போன தலையணை சைஸ் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதைப் புத்தகங்களில் ஐந்தாவதையும் முடித்துவிட்டேன். 2011-ல் வந்ததாம். ஆறாவதை அந்த எழுத்தாளர் மார்ட்டின் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று உன் தம்பி இப்போது சொல்கிறான். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அதில் வருகிற இளம் ராணி டெனேரிஸ் ஊர் ஊராகப் பிடிக்கிற வரைக்கும் சும்மா புரட்டினேன். மீரீன் என்கிற ஊரில் உட்கார்ந்து ஆள ஆரம்பித்ததும் நிமிர்ந்துவிட்டேன். நம் ஆபீஸ் கதை! சிம்மாசனம் வேண்டாமென்று வெறும் பெஞ்சில் உட்கார்ந்து மனு வாங்குகிறாள். அந்த ஊர் உடுப்பு வேறு, ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். உன் முதல் நாள் காட்டன் புடவை ஞாபகம் வந்தது.

அதற்கு முன்னால் பிடித்த அஸ்டபோரில் மூன்று பேரைச் சபையாக வைத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினாளே, அது தப்பு. ஒரு கசாப்புக்காரன் அவர்களைத் தீர்த்துவிட்டுத் தானே ராஜாவாகிவிட்டான். மீரீனிலோ, தங்களையே அடிமையாக விற்றுக்கொள்ள அனுமதி கேட்டு வருகிறார்கள். அவளும் பத்தில் ஒரு பங்கு வரி போட்டு விடுகிறாள். இப்படியும் ஒரு வருவாய் இனமா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் வளர்க்கிற டிராகன் ஆட்டைத் தின்றுவிட்டது என்று கருகின எலும்போடு ஆட்கள் வருகிற இடம் இருக்கிறதே, வெள்ள நிவாரணக் கணக்கு மாதிரியே இருந்தது. நிஜமும் உண்டு, பொய்யும் உண்டு. எல்லாரும் போன பிறகும் ஒருத்தன் பேசாமல் நிற்கிறான். சாக்கை அவிழ்க்கிறான். உள்ளே அவன் பெண்ணின் எலும்பு. நாலு வயசு, பேர் ஹஸ்ஸியா. புத்தகத்தை மூடிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது ஒரு பாட்டி மஞ்சள் பையோடு மூன்று வாரம் வந்து, ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். என்ன என்று நான் கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. வயலுக்கே போகாமல் அவளுடைய அரை ஏக்கரை அடங்கலில் (சாகுபடிப் பதிவேட்டில்) பக்கத்துக்காரன் பேரில் எழுதியிருக்கிறேன். என் மேல் மனுவை என்னிடமே எப்படிக் கொடுப்பாள்? திருத்திக்கொண்டு போனபோது வீடு பூட்டியிருந்தது.

டெனேரிஸ் இரண்டு டிராகன்களைச் சங்கிலியில் கட்டினாள். குழந்தையைக் கொன்ற கறுப்பு டிராகன் மட்டும் அகப்படவில்லை.

குறை கேட்கும் நாளில் முந்நூறு மனுவை மதியத்துக்குள் முடித்தேன் என்றாயே. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உன் ஆபீஸ் வாசலில் உட்கார பெஞ்ச் போட்டிருக்கிறார்களா, குடிக்கத் தண்ணீர் வைத்திருக்கிறார்களா? சாயங்காலம் வரைக்கும் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து எழுது.

மாவடு இந்த வாரம் பார்சலில் வரும். ஒடிசா வெயிலில் கெடாது.

அப்பா